‘வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா எடுங்க’: ஒன்பது வயதுக்கும் ஆறு வயதுக்கும் முதல் ஏ.டி.வி. தேர்வு, ஒரு நிகழ்வு ஆய்வு

துரைப்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு. திருப்போரூர் பக்கம் தாத்தா வாங்கிப்போட்ட 60 சென்ட் தென்னந்தோப்பு. பையனுக்கு 9 வயது, உயரம் 131 செ.மீ., எடை 27 கிலோ. தங்கைக்கு 6 வயது, 113 செ.மீ., 19 கிலோ. சனி ஞாயிறு தோப்புக்குப் போனால் பிள்ளைகள் செல்போனை விட்டு எழுந்திருப்பதில்லை என்று அப்பாவுக்குக் கவலை. இரண்டு பேரும் ஓட்டுகிற மாதிரி ஒரே ஒரு சின்ன ஏ.டி.வி., அதாவது மண்ணிலும் மேடு பள்ளத்திலும் ஓட்டும், ஹேண்டில் வைத்த நான்கு சக்கர வண்டி (குவாட் என்றும் சொல்வார்கள்), வாங்கிவிடலாம் என்பது யோசனை.

இது ஒரு மாதிரி நிகழ்வு. குறிப்பிட்ட ஒரு வீட்டை வைத்து எழுதியதல்ல. ஆனால் இந்த வயது, இந்த நிலம், ‘ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு’ என்கிற கணக்கு ஆகியவை சென்னையில் முதல் வண்டி வாங்கும் வீடுகளில் திரும்பத் திரும்ப வருபவை. அளவுகளை எண்ணாகவே வைத்துக்கொண்டால்தான் முடிவு எங்கே மாறுகிறது என்பது தெரியும்.

முதலில் சட்டம்

நான்கு சக்கரமும் எஞ்சினும் இருந்தால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் அது பொம்மை அல்ல. பொதுமக்கள் உரிமையோடு நடமாடும் இடம் எதுவானாலும் அது பொது இடம்தான். குடியிருப்புக்கு வெளியே உள்ள தெரு, ஈ.சி.ஆர். சர்வீஸ் ரோடு, கடற்கரை மணல் எல்லாம் இதில் வரும். 2019 திருத்தத்தில் சேர்ந்த 199-ஏ பிரிவின்படி, 18 வயதுக்கு உட்பட்டவர் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது முடியும் வரை லைசென்ஸ் கிடைக்காது. பதிவும் இன்சூரன்சும் இல்லாத வண்டியை ரோட்டில் விட்டால் அது தனி வழக்கு.

கடற்கரைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நீலாங்கரை, பெசன்ட் நகர் கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிடும். டயர் பள்ளத்தில் விழுந்த ஆமைக்குஞ்சால் ஏறி வர முடியாது.

ஆக, சொந்த நிலம், வேலி போட்ட நிலம், வெளியாள் வராத நிலம். அது இல்லாதவர்கள் வண்டியைத் தேட ஆரம்பிக்கவே வேண்டாம். ‘அபார்ட்மெண்ட் உள்ளேயே ஓட்டிக்கட்டும்’ என்பதும் சரிவராது. அதன் காரணம் பின் ஆக்சிலில் இருக்கிறது. சிறிய ஏ.டி.வி.களில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே தண்டில் இறுக்கப்பட்டவை, காரில் இருப்பதுபோல, இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் கொஞ்சம் வழுக்கிக் கொடுத்தாக வேண்டும். மண்ணில் வழுக்கும். பேவர் பிளாக்கிலும் கான்கிரீட்டிலும் பிடித்துக்கொள்ளும். ஹேண்டிலைத் திருப்பியும் வண்டி நேராகவே போகும். பிள்ளை பயந்து இன்னும் ஒடித்தால் திடீரென்று பிடி கிடைத்து வெளிப்பக்கமாகக் கவிழும். சமதரையில், மெதுவான வேகத்திலேயே இது நடக்கும்.

கடையில் சொல்லப்பட்டது

இந்த மாதிரி வீட்டின் பட்டியலில் நான்கு வண்டிகள். 49 சி.சி. டூ-ஸ்ட்ரோக் மினி குவாட், 110 சி.சி. ஃபோர்-ஸ்ட்ரோக் ஆட்டோமேட்டிக், ரிவர்ஸ் கியரோடு. 36 வோல்ட் எலெக்ட்ரிக். போலாரிஸ் அவுட்லா 70 போன்ற பெரிய கம்பெனிக் குழந்தைகள் வண்டி. கடைசியாகச் சொன்னதுதான் பொறியியலில் எல்லாவற்றையும்விடத் தரமானது. ஆனால் பட்ஜெட்டுக்கு வெகுதூரம் வெளியே. அளவுகோலாக மட்டும் வைத்துக்கொண்டு அதை ஒதுக்கியாயிற்று.

மீதி மூன்றில் கடைக்காரர் கை நீட்டியது 110-ஐ. “பையன் வளர்ந்துடுவான் சார். இப்ப சின்னது எடுத்தா ஒரு வருஷத்துல தூக்கிப் போடணும். இதுன்னா பதிமூணு வயசு வரைக்கும் ஓடும். ஸ்பீடு ஸ்க்ரூவை டைட் வச்சுட்டா பாப்பாவும் ஓட்டலாம்.” தீபாவளிச் சட்டையை இரண்டு விரல்கடை பெரிதாக எடுத்து மடித்துத் தைத்துப் போட்டு வளர்ந்தவர்கள் நாம் எல்லோரும், அந்த வாதம் உடனே மனதில் உட்கார்ந்துவிடும். சட்டை தொளதொளவென்று இருந்தால் யாருக்கும் அடிபடாது. பிரேக் லிவருக்கு விரல் எட்டாத வண்டியில் அடிபடும்.

அமெரிக்க விதிமுறை இதை வயதால் பிரிக்கிறது. ஒய்-6+ என்று முத்திரையிட்ட வண்டி, கட்டுப்பாட்டை எடுத்துவிட்டாலும் மணிக்கு 24 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது. கடையிலிருந்து வெளியே வரும்போது 16 கி.மீ.க்குக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒய்-10+ வண்டிக்கு 48 கி.மீ., கட்டிய நிலையில் 24. முன்பெல்லாம் சி.சி.யை வைத்துப் பிரித்தார்கள். ஒரே சி.சி.யில் வேகமும் உடல் அளவும் வெவ்வேறாக இருப்பதால் அந்த முறை போய்விட்டது. நம் ஊரில் இன்னும் ‘எத்தனை சி.சி.?’தான் முதல் கேள்வி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 16 வயதுக்கு முன் யாருமே ஏ.டி.வி. ஓட்டக்கூடாது என்று சொல்கிறது என்பதையும் பெற்றோர் தெரிந்துகொண்டுதான் கடைக்குள் நுழைய வேண்டும். கீழே வருவதெல்லாம், அதற்குப் பிறகும் வாங்குவது என்று முடிவெடுத்த வீட்டுக்கு.

டேப் வைத்து அளப்பது

பிள்ளையை வண்டி மேல் உட்காரவைத்தால் அது இறங்காது, ‘இதுதான் வேணும்’ என்று அங்கேயே முடிவாகிவிடும். அதனால் முக்கியமான அளவை வீட்டிலேயே எடுத்துவிடலாம். ஷூ போட்டுக்கொண்டு பிள்ளை சுவரோடு ஒட்டி நிற்கட்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில் கவட்டை வரை உயர்த்தி, அங்கிருந்து தரை வரை அளக்க வேண்டும். ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நிற்கும்போது கவட்டைக்கும் சீட்டுக்கும் நடுவே 7.5 முதல் 15 செ.மீ. இடைவெளி வேண்டும். அதற்குக் குறைந்தால் மேடு பள்ளத்தில் எழுந்து நின்று அதிர்வைத் தாங்க முடியாது, சீட் தூக்கியடிக்கும். அதிகமானால் முழங்கால் மடங்கி ஹேண்டிலில் இடிக்கும்.

ஆக, கவட்டை அளவிலிருந்து 7.5-ஐயும் 15-ஐயும் கழித்தால், சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் இருக்க வேண்டிய உயரம் கிடைத்துவிடும். பையனுக்குக் கவட்டை 60 செ.மீ., எனவே 45-லிருந்து 52.5 வரை. தங்கைக்கு 50 செ.மீ., எனவே 35-லிருந்து 42.5 வரை. இரண்டு எல்லையும் எங்கேயும் தொடவில்லை. ‘ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு’ என்கிற யோசனை இங்கேயே, கடைக்குப் போகும் முன்பே, விழுந்துவிடுகிறது.

கடையில் டேப் காட்டியது: மினி குவாட் 38 செ.மீ., எலெக்ட்ரிக் 46, 110 சி.சி. 50. மினி தங்கைக்குச் சரி, பையனுக்குச் சின்னது. மற்ற இரண்டும் பையனுக்கு எல்லைக்குள். கால் அளவு மட்டும் பார்த்திருந்தால் 110 தேறியிருக்கும்.

கைதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. வலது கையை வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில் வைத்து விரல்களை நேராக நீட்டச் சொல்ல வேண்டும். நடுவிரலின் நுனியிலிருந்து முதல் கணு பிரேக் லிவரைத் தாண்டி வெளியே வந்தால் கை போதுமான அளவு எட்டுகிறது. கணு லிவருக்கு உள்ளேயே நின்றால், அவசரத்தில் பிள்ளை ஹேண்டில் பிடியை விட்டுத்தான் பிரேக்கைப் பிடிக்கும். அடுத்து, கட்டைவிரலால் ஆக்சிலேட்டரை அழுத்தச் சொல்லுங்கள். மணிக்கட்டை முறுக்காமல் அழுத்த வேண்டும், விட்டவுடன் ‘டக்’கென்று திரும்பி வர வேண்டும். பிறகு ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டு இதே இரண்டையும் திரும்பச் செய்ய வேண்டும். பெரும்பாலானோர் இந்தக் கடைசிப் படியைச் செய்வதில்லை. நேராக இருக்கும்போது எட்டுகிற லிவர், முழுத் திருப்பத்தில் வெளிப்பக்கக் கைக்கு எட்டாமல் போகும். 110-இல் பையனுக்கு நடந்தது அதுதான்: இடதுபக்கம் முழுக்கத் திருப்பினால் வலது கை முழங்கை மடங்காமல் நீண்டு, தோள் முன்னால் இழுபட்டு, கட்டைவிரல் தானாகவே ஆக்சிலேட்டர் மேல் அழுந்தியது. திரும்பும்போது வேகம் கூடும் வண்டி அது. எலெக்ட்ரிக்கில் ஹேண்டில் குறுகலானதால் முழங்கை மடங்கியே இருந்தது.

எடையும் சேர்ந்துகொள்கிறது. 110 வண்டிகள் பெரும்பாலும் 90 கிலோவைத் தொடும். 27 கிலோ பிள்ளை மேல் அது கவிழ்ந்தால் தானாகத் தள்ளி வெளியே வர முடியாது. வளைவில் உள்பக்கம் சாய்ந்து வண்டியைச் சமன் செய்வது என்கிற அடிப்படை வித்தையும் உடல் எடை போதாமல் பலிக்காது. எலெக்ட்ரிக் பேட்டரியோடு 60 கிலோ அளவில். அதுவும் லேசானதல்ல. ஆனால் எடை தாழ்வாக, சீட்டுக்குக் கீழே இருக்கிறது.

தங்கையை எலெக்ட்ரிக்கில் உட்காரவைத்தால் எழுந்து நின்றும் 4 செ.மீ. இடைவெளிதான். லிவரின் அடியில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதை உள்ளே திருகினால் லிவர் பிடியை நோக்கி ஒரு செ.மீ. வரை நெருங்கும். அதைச் செய்து கணு தாண்டியது, ஆனால் ஆக்சிலேட்டர் ஸ்பிரிங்கை அழுத்த முழுக் கையையும் திருப்ப வேண்டியிருந்தது. முடிவு: இந்த வருடம் அவளுக்கு வண்டி இல்லை.

49 சி.சி. ஏன் தங்கைக்கும் வேண்டாம்

‘அளவு சரியாகத்தானே இருக்கிறது, அவளுக்கு மினி குவாட் எடுக்கலாமே’ என்று அம்மா கேட்பது நியாயமான கேள்வி. விலையும் இருப்பதிலேயே குறைவு. ஆனால் இந்த வண்டி அளவில் குழந்தை, குணத்தில் பெரியவன்.

கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் இந்த எஞ்சின்களில் சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச். எஞ்சின் சுற்று ஏறினால் தானாகப் பிடிக்கும், இறங்கினால் விடும். ஐடில் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) கொஞ்சம் அதிகமாக இருந்தாலோ கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, ஸ்டார்ட் ஆன உடனேயே வண்டி ஊர்ந்து புறப்படும். பக்கத்தில் நின்று கயிறு இழுக்கும் ஆளுக்கே அது கால் மேல் ஏறும். லேசான பிள்ளை உட்கார்ந்தால் இவை 35–40 கி.மீ. வரை போகக்கூடியவை. கட்டைவிரல் ஆக்சிலேட்டர் கூட்டில் உள்ள ஸ்க்ரூதான் ஒரே தடை. அதன் லாக்நட் அதிர்வில் தளரும். இல்லாவிட்டால் பெரியப்பா பையன் வந்து ஸ்க்ரூடிரைவரால் தளர்த்துவான். பிரேக் ஒயரால் இழுக்கும் சிறு டிஸ்க். ஒயர் நீண்டவுடன் லிவர் பிடியைத் தொட்டுவிடும். பல மாடல்களில் செயின் மேல் மூடியே இருக்காது. 6 வயது விரல் அங்கே போகும் என்பதை மட்டும் நினைத்துப் பார்த்தாலே வாங்கத் தோன்றாது.

எரிபொருள் தொல்லை வேறு. பெரும்பாலான மாடல்களில் 25-க்கு 1 கலவை, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில். தோராயமாக ஊற்றினால் குறைந்தபோது பிஸ்டன் பிடிக்கும், கூடினால் பிளக் கரிபிடித்து அணையும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும், மலிவான ரப்பர் டியூபைக் கெடுக்கும். கடலோரக் காற்றில் ஒரு மாதம் டேங்கில் விட்டுவைத்தால் கார்புரேட்டர் ஜெட் அடைத்துவிடும். வாங்கியே தீருவேன் என்பவர், ஓட்டி முடித்ததும் பெட்ரோல் காக்கை மூடி, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட வேண்டும். பாகத்துக்குப் புதுப்பேட்டையில் அலைந்தால் செயின், ஒயர், பிளக் கிடைத்துவிடும். கிளட்சும் புல்-ஸ்டார்ட்டரும் அந்த எஞ்சினுக்கென்றே உள்ளதாகத் தேட வேண்டும்.

தங்கைக்கு 12 வோல்ட் பேட்டரிக் கார் வாங்கித் தரலாம் என்கிற சமாதானமும் எழும். விளையாட்டுச் சாமானாக அது தப்பில்லை. ஆனால் வேகம், பிரேக், சமநிலை மூன்றையும் கற்றுத் தருவதில், கைப்பிரேக் உள்ள இரண்டு சக்கரச் சைக்கிளுக்கு அது ஈடாகாது. துணைச்சக்கரம் இல்லாமல் சைக்கிள் ஓட்டி, சொன்ன கோட்டில் நிறுத்தத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அடுத்த பேச்சு.

எலெக்ட்ரிக்கில் என்ன பார்க்க வேண்டும்

ஆக, பையனுக்கு 36 வோல்ட், 800 வாட். சத்தமில்லை, சைலன்சர் சுடாது, தோப்புப் பக்கத்து வீட்டாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். இதற்கும் தனி நோய்கள் உண்டு.

பேட்டரி மூன்று, ஒவ்வொன்றும் 12 வோல்ட் 12 ஆம்பியர்-ஹவர், தொடராக இணைத்தவை. கணக்குக்கு 432 வாட்-ஹவர். லெட்-ஆசிட் பேட்டரியை இவ்வளவு வேகமாக உறிஞ்சினால் பாதிக்குச் சற்று அதிகம்தான் திரும்பக் கிடைக்கும். சராசரி 300 வாட் இழுத்தால் முக்கால் மணி நேரம். ஈ.சி.ஆர். ஓரத்து உதிர் மணலில் இழுவை கூடி அது அரை மணிக்கு இறங்கும், மோட்டாரும் தொட முடியாமல் சுடும். விளம்பரத்தில் போட்டிருக்கும் நேரம் கெட்டித்தரைக்கு.

பேட்டரி சாகும் வழி எப்போதும் ஒன்றுதான். ஞாயிறு மாலை ஓட்டி முடித்து, சார்ஜ் போடாமல் தோப்பு ஷெட்டில் விட்டுவிட்டு, அடுத்த பள்ளி விடுமுறைக்கு வருவது. காலியாகக் கிடக்கும் தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகும். சென்னை வெயில் அதை விரைவுபடுத்தும். ஓட்டியபின் அரை மணி ஆறவிட்டு அன்றே முழு சார்ஜ், பயன்படுத்தாத மாதத்திலும் ஒரு முறை சார்ஜ். வண்டி சீக்கிரம் களைத்தால் மல்ட்டிமீட்டரை எடுத்து மூன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஓய்வில் எல்லாமே 12.7 காட்டி ஏமாற்றும். பின் சக்கரத்தை ஒரு மரத்தோடு தடுத்து நிறுத்தி ஆக்சிலேட்டரை ஓரிரு விநாடி லேசாகக் கொடுக்கும்போது எது 10.5-க்குக் கீழே சரிகிறதோ அதுதான் செத்தது. இதைப் பெரியவர் ஒருவர் வண்டியை விட்டு இறங்கி நின்றபடி செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய இரண்டும் புதியதைக் கெடுக்கும், மூன்றையும் சேர்த்தே மாற்றுவது மேல். அளவு 151 × 98 × 95 மி.மீ., யு.பி.எஸ். பேட்டரி விற்கும் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது. ரிச்சி ஸ்ட்ரீட் வரை போக வேண்டிய அவசியம்கூட இருக்காது.

பேட்டரியைவிடப் பெரிய விஷயம் ஆக்சிலேட்டர் ஒயர். எலெக்ட்ரிக் ஆக்சிலேட்டருக்குள், எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காந்தத்தால் உணரும் ஒரு ஹால் சென்சார், அதிலிருந்து மூன்று மெல்லிய ஒயர்கள்: 5 வோல்ட், எர்த், சிக்னல். ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒயர் மடங்கி மடங்கி உள்ளே அறும். 5 வோல்ட் ஒயர் அறுந்தால் வண்டி நின்றுவிடும், தொல்லையில்லை. எர்த் அறுந்தால் சிக்னல் மேலே ஏறி, மலிவான கண்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) அதை ‘முழு ஆக்சிலேட்டர்’ என்று எடுத்துக்கொள்ளக்கூடும். பிள்ளை கையை எடுத்தாலும் வண்டி பாயும். இதற்காகத்தான் இரண்டு பாதுகாப்பு வேண்டும். ஒன்று, பிரேக் லிவரை அழுத்தினாலே மோட்டாரை வெட்டும் சுவிட்ச். பின் சக்கரத்தைத் தூக்கி வைத்துச் சுழலவிட்டு, இடது வலது இரண்டு லிவரையும் தனித்தனியாக அழுத்திச் சோதிக்கலாம். மற்றொன்று, கயிற்றோடு கூடிய கில் சுவிட்ச், கயிற்றின் முனை பிள்ளையின் மணிக்கட்டில்; பிள்ளை விழுந்து கயிறு இழுபட்டால் மோட்டார் நின்றுவிடும். அது இல்லாத வண்டியானால் எலெக்ட்ரீஷியனை வைத்துச் சாவி ஒயரில் சேர்த்துக்கொள்ளலாம், கடினமான வேலையல்ல. மெயின் ஒயரில் ஃபியூஸ் இருக்கிறதா என்று சீட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கண்ட்ரோலரில் அச்சிட்ட ஆம்பியருக்கு மேல் போடக்கூடாது.

பெட்டியிலிருந்து இறங்கிய வண்டி

பெட்டியில் பாதி பிரித்து வரும் வண்டியைக் கடைப் பையன் அரை மணியில் கோத்துக் கொடுப்பான். அவன் இறுக்கியதை நம்பி ஓட்டக் கூடாது. பின் ஆக்சில் முனை நட்டில், அது கழலாமல் தடுக்கும் காட்டர் பின் என்னும் கம்பி ஊசி செருகி விரித்திருக்கிறதா என்பதுதான் முதல் பார்வை. விட்டுப்போயிருந்தால் பின் சக்கரம் கழன்று வரும். பிறகு சக்கர நட்டுகள், ஹேண்டில் கிளாம்ப், முன் சக்கரங்களைத் திருப்பும் தண்டான டை-ராட்டின் லாக்நட்டுகள். முன் சக்கரங்களின் முன்விளிம்பு இடைவெளி, பின்விளிம்பு இடைவெளியைவிட 3 முதல் 6 மி.மீ. குறைவாக இருந்தால் நேராக ஓடும். செயினின் நடுவே மேலும் கீழும் ஆட்டினால் 10–15 மி.மீ. அசைவு. முதல் அரை மணி ஓட்டத்துக்குப் பின் எல்லாவற்றையும் இன்னொரு சுற்று இறுக்க வேண்டும்.

காற்றில்தான் படித்தவர்களும் தவறுகிறார்கள். ஏ.டி.வி. பலூன் டயருக்கு 3 முதல் 5 பி.எஸ்.ஐ. போதும், சரியான எண் டயரின் பக்கவாட்டிலேயே இருக்கும். பங்க்கில் பழக்கத்தில் 25 வைத்துவிடுவார்கள். டயர் பந்துபோல் துள்ளி, பிரேக் பிடிக்கும்போது தரையை விட்டு எழும். பங்க் மீட்டர் இவ்வளவு குறைந்த அளவைச் சரியாகக் காட்டாது. சைக்கிள் பம்பும், 10 பி.எஸ்.ஐ. வரை மட்டும் காட்டும் சிறிய கேஜும் வீட்டில் இருக்கட்டும்.

வேகத்தை அளந்து நம்புவது

சாவி பக்கத்தில் மூன்று நிலை இருக்கும். எந்த நிலையில் எத்தனை கி.மீ. என்று பெட்டியில் எழுதியிருப்பது வேறொரு எடைக்கு. பையனை வைத்தே அளக்கலாம். 20 மீட்டருக்குச் சுண்ணாம்புத் தூளால் இரண்டு கோடு, முன்னால் 10 மீட்டர் ஓட்டம் கொடுத்து, செல்போன் ஸ்டாப்வாட்ச். 20 மீட்டரை 9 விநாடியில் கடந்தால் மணிக்கு 8 கி.மீ., 4.5 விநாடி என்றால் 16, 3 விநாடி என்றால் 24. இந்த வண்டியில் 8.5, 4.8, 3.2 விநாடி. மூன்றாவது நிலையும் 24-க்குள் அடங்குகிறது. மினி குவாட்டில் இது கிடைத்திருக்காது.

நிற்கும் தூரமும் இதிலிருந்தே வரும். மண்ணில் ஓரளவு பிரேக் பிடிக்கும் என்று எடுத்துக்கொண்டு, பிள்ளை யோசித்துப் பிரேக் தொட ஒன்றரை விநாடி கொடுத்தால், 16 கி.மீ. வேகத்தில் 9 மீட்டர். 24-இல் கிட்டத்தட்ட 16 மீட்டர். தாமதத்தில் ஓடும் தூரம்தான் இதில் பெரும்பங்கு, எனவே நல்ல பிரேக் போட்டும் அது குறையாது.

இந்த 9 மீட்டரை எடுத்துக்கொண்டு தோப்பைச் சுற்றி வந்தால் நிலம் வேறு மாதிரி தெரியும். 60 சென்ட் என்பது 26,000 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். தென்னை வரிசை, பாத்தி, மோட்டார் ஷெட், கிணறு போக, தெற்குப் பக்கம் 30-க்கு 18 மீட்டர் வெற்றுத்தரை கிடைத்தது. அதிலும் வேலியின் முள்கம்பி சரியாகப் பிள்ளையின் கழுத்து உயரத்தில். வெயில் நேரத்தில் கம்பி கண்ணுக்கே தெரியாது. பச்சை நிழல்வலையைக் கம்பியோடு கட்டினால் தெரியும். ஓட்டும் எல்லையை அதிலிருந்து 5 மீட்டர் உள்ளே தள்ளி, பழைய கார் டயர்களை வரிசையாக அடுக்க வேண்டும். வெட்டிய சவுக்கின் அடிக்கட்டைகளைத் தோண்டி எடுக்க வேண்டும், மண் மூடி மறைப்பது போதாது. துணி காயும் கொடி, சொட்டுநீர்க் குழாய், போர்வெல் பைப் முனை, காய்ந்த மட்டை எல்லாம் கணக்கில் வரும். காய் விழும் மரத்தடியில் பாதை போகக் கூடாது. கிணற்றுப் பக்கம் திரும்பாதபடி பாதையை அமைப்பதே சரி. ‘கைப்பிடிச்சுவர் இருக்கே’ என்பது பதில் ஆகாது.

உடுப்பும் ஓட்டமும்

முழுமுக ஹெல்மெட், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, தலைச்சுற்றளவை அளந்து வாங்கியது. இந்த வயதில் 50 முதல் 54 செ.மீ.க்குள் வரும். கொக்கி மாட்டி, பின்னாலிருந்து முன்னால் தள்ளிப் பார்த்தால் கழன்று வரக்கூடாது. பெரியவர் ஹெல்மெட்டுக்குள் ஸ்பாஞ்ச் வைப்பதெல்லாம் வேண்டாம். இங்கேயும் ‘வளர்ற பிள்ளை’ வாதம் வரும். கணுக்கால் மூடும் ஷூ, முழு பேன்ட், முழுக்கை, கையுறை, முழங்கால் கவசம். செருப்போடு ஒரு சுற்றுகூடக் கிடையாது. ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து வழுக்கிய கால் பின்சக்கரத்துக்கு முன்னால் விழும். இவ்வளவும் போட்டுக்கொண்டு மே மாத வெயிலில் பத்து நிமிடம் தாங்காது. காலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை இறங்கித் தண்ணீர்.

பழக்கும் வரிசையில் பிரேக் முதலில், ஆக்சிலேட்டர் கடைசியில். சாவியை எடுத்துவிட்டு அப்பா பின்னாலிருந்து தள்ள, பையன் பிரேக் மட்டும் பிடிக்கட்டும். ‘நில்லு’ என்று குரல் கேட்டதும் பாராமல் கை போகும் வரை அதுவே பாடம். பிறகு முதல் நிலையில் ஓட்டி, 3 மீட்டர் சதுரக் கட்டத்துக்குள் நிறுத்துவது. பத்து முறையில் பத்து முறையும் உள்ளே நின்றால் பெரிய வட்டம், பின் எட்டு வடிவம். வளைவில் உடம்பு உள்பக்கம் சாய வேண்டும், சைக்கிள் பழக்கத்தில் பிள்ளைகள் வண்டியையும் சேர்த்துச் சாய்க்கப் பார்ப்பார்கள். நான்கு சக்கரம் சாயாது. மேடு, வரப்பு, சரிவு எதுவும் இந்த வருடம் இல்லை. இரண்டாம் நிலைக்குப் போவது அப்பா கையில் உள்ள சாவி முடிவு செய்வது, பையன் கெஞ்சல் அல்ல. பெரியவர் ஒருவர் எப்போதும் பக்கத்தில், கையில் செல்போன் இல்லாமல்.

“அண்ணா பின்னாடி நானும் உக்காந்துக்கறேன்” என்று தங்கை கேட்பாள், பாட்டியும் “ஒரே ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போடா கண்ணா” என்பார். சீட் நீளமாக இருப்பது பின்னால் ஆள் ஏற்றுவதற்காக அல்ல. ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து எடையை மாற்றுவதற்காக. பின்னால் 19 கிலோ ஏறினால் முன்சக்கரம் லேசாகி, திருப்பியும் திரும்பாது. இதில் ‘ஒரே ஒரு ரவுண்டு’ கிடையாது.

மழைக்காலத்தில், அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை, இந்த வண்டியை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது. நனைந்தால் கண்ட்ரோலர் இணைப்புகள் பச்சை பூக்கும். கழுவுவதும் ஈரத்துணியால்தான், ஹோஸ் பைப்பால் அல்ல. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கவட்டை அளவைத் திரும்ப எடுக்க வேண்டும். 61 செ.மீ.யைத் தாண்டினால் இடைவெளி 15-ஐக் கடந்துவிடும். 60-இல் இருக்கும் பையனுக்கு அது வெகு தூரத்தில் இல்லை. சீட்டின் மேல் கெட்டியான ஃபோம் வைத்துத் தைத்தால் இரண்டு மூன்று செ.மீ. கிடைக்கும், அதற்குப் பிறகு முழங்கால் ஹேண்டிலில் இடிக்கத் தொடங்கும் நாளில் அவனுக்கு இந்த வண்டி முடிந்தது. அப்போது தங்கையின் கவட்டை 53.5-ஐத் தொட்டிருந்தால், புது பேட்டரி மூன்றும் புது பிரேக் ஒயரும் போட்டு, கட்டைவிரல் சோதனையை அவளுக்கு மறுபடி வைத்துப் பார்க்கலாம்.